கண்ணருகு வில்லையும் அதன் நாற்பொருத்தமும்

வானத்தை நோக்கும் விருப்புடையார் பலரும் தொலைநோக்கி வாங்கப் புகுங்கால் முதற்கண் வினவுவது, அதன் முகப்பு வில்லை எத்துணைப் பெரிது, அஃது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பதே. வினா தகுதியுடையதே. ஆயினும், முகப்பு வில்லை திரட்டித் தரும் ஒளி முழுவதும் நம் கண்ணை வந்து அடையுமுன் ஒரு சிறு குழலின் வாயிலைக் கடத்தல் வேண்டும். அவ்வாயிலிற் செருகப்படுவதே கண்ணருகு வில்லை. அது தன் இடத்தில் நேராகவும் உறுதியாகவும் நில்லாதாயின், முகப்பு வில்லை எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயன் சிறிதே. இவ்வுண்மையை யான் நூலிற் கற்றேனல்லேன். பெசன்ட் நகர்க் கடற்கரையிற் பலர் முன்னிலையில் நாணமுற்றுக் கற்றேன். அங்ஙனம் கற்றதை நம் கல்லூரி நண்பர்கள் நாணமுறாமலே அறிந்துகொள்ளுமாறு ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

நிகழ்ந்தது

என் பாட்டனார் கப்பற்பணியில் இருந்த காலத்து ஜப்பான் நாட்டினின்றும் வாங்கிவந்த சிறு தொலைநோக்கி ஒன்று எங்கள் இல்லத்துப் பரண்மேல் நெடுங்காலம் கிடந்தது. அதன் முகப்பு வில்லை 60 மில்லிமீட்டர் குறுக்களவும் 700 மில்லிமீட்டர் குவியதூரமும் உடையது. உடன் வந்த கண்ணருகு வில்லைகள் இரண்டு. ஒன்றன் குவியதூரம் 20 மில்லிமீட்டர். மற்றதன் குவியதூரம் 4 மில்லிமீட்டர். முகப்பு வில்லையின் குவியதூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியதூரத்தால் வகுக்க வருவது பெருக்கம். ஆகவே முன்னது 35 மடங்கும் பின்னது 175 மடங்கும் காட்டல் வேண்டும். ஆனால், முகப்பின் மில்லிமீட்டர் அளவை இரட்டிக்க வரும் எண்ணையே பெருக்கத்தின் மேலெல்லையாகக் கொள்ளுதல் வழக்கு. 60 மில்லிமீட்டர் முகப்பிற்கு அவ்வெல்லை 120. அதனைக் கடந்த 175 மடங்கில் உருவம் பருத்ததேயன்றித் தெளிவு மிகவில்லை. பனிமூட்டத்தினூடு காண்பதுபோல் மங்கிற்று. 20 மில்லிமீட்டர் வில்லையோ பூஞ்சணம் படர்ந்து கெட்டிருந்தது. கடற்கரை ஊர்களில் வில்லைகட்கு இது பொதுவான நோய்.

ஆதலால், 25 மில்லிமீட்டர் குவியதூரமுடைய பிளாசல் வகை வில்லையொன்றைப் புதிதாக வாங்கினேன். அது 28 மடங்கு காட்டும். கையில் வந்த பின்னரே, அதன் அடி பெரிது, எம் குழலின் வாய் சிறிது எனக் கண்டேன். விற்றவரை வினவ, அவர் இரண்டினையும் இணைக்கும் வளையம் ஒன்று அனுப்பினார். அதுவோ குழலினுள் ஆடிற்று. செய்தித்தாளைக் கிழித்துச் சுற்றி இறுக்கிவிட்டு, எல்லாம் செவ்வையாயிற்று என்று மகிழ்ந்தேன்.

அஃது ஒரு மார்கழி மாலை. வியாழன் கடலினின்றும் எழுந்து கீழ்வானில் ஒளிர்ந்தது. பிறர் உயிரைக் காக்கப் புக்கு 1930-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் கடலில் மாண்ட கார்ல் ஷ்மிட் என்பாரின் நினைவு மண்டபத்தருகே தொலைநோக்கியை நிறுத்தினேன். ஊரூர்க் குப்பத்துச் சிறுவர் பதின்மர் சூழ்ந்துகொண்டனர். அவர்களின் பின்னே மீனவப் பெரியவர் ஒருவர் நின்றார். இளமை முதல் இரவிற் கடல்மேற் சென்று, வானத்து மீன்களைக் கொண்டே திசை தேர்ந்தவர். ஒரு கண்ணிற் புரை அறுத்திருந்தது, மறுகண் மங்கல். "அவைகளை ஒருமுறை கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும், தம்பி" என்றார். சிறுவர் முடித்தபின் தாம் பார்ப்பதாகக் கூறிப் பொறுமையுடன் நின்றார்.

மூன்றாம் சிறுவன், கண்ணை வைக்கும் ஆர்வத்தால், வில்லையைக் கையாற் பற்றித் தன் முகத்தை நோக்கி இழுத்தான். சிறுவர் அனைவரும் அங்ஙனமே செய்வர், அவன்மேற் குற்றமில்லை. கடற்காற்றின் ஈரத்தால் தாள் நெகிழ்ந்திருந்தது. வில்லையும் வளையமும் ஒருங்கே கழன்று மணலில் வீழ்ந்தன. வில்லையின் முகமெங்கும் மணல் ஒட்டிற்று. துடைத்தாற் கீறும் என்று அஞ்சிப் பெட்டியில் இட்டு மூடினேன். பெரியவர், "அந்த வெள்ளி எங்கே போய்விடும், தம்பி? இன்னொரு நாள் கொண்டு வா" என்று கூறி நடந்தார். அவர் கூறிய ஆறுதலே என்னை மிக வருத்திற்று.

இடைப்பொருத்தி என்பது யாது?

கடைகளில் அடாப்டர் என வழங்கும் இவ்வளையத்தை யாம் இடைப்பொருத்தி எனலாம். இதன் இயல்பை நம் இலக்கண மாணவர்க்கு ஓர் உவமையால் விளக்குதல் எளிது. உயிரீற்றுச் சொல்லின் முன் உயிர்முதற் சொல் வரின் அவை தாமே இணையமாட்டா. யகரமோ வகரமோ இடையே தோன்றி இரண்டினையும் உடம்படுவிக்கும். மணி, அழகு என்னும் இரண்டும் மணியழகு ஆவது அங்ஙனமே. இடைப்பொருத்தியும் அத்தகைய உடம்படுமெய்யே. மெய்யீற்றின் முன் உயிர் வரின் அது தானே ஏறிக்கொள்ளும்; ஆண்டு இடையெழுத்து வேண்டா. அதுபோல, குழலும் வில்லையும் ஓரளவினவாயின் இடைப்பொருத்தியும் வேண்டா. வேண்டாத இடத்து அதனைப் புகுத்துதல் வழுவாம். வேண்டிய இடத்தும் ஒன்றே அமையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது.

மணவினைக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார் நம் நாட்டில் உளர். கண்ணருகு வில்லைக்கு நான்கு பொருத்தம் பார்த்தல் போதும். அவை அளவு, ஆழம், பிடி, பாரம் என்பன. அவற்றை முறையே காண்பாம்.

1. அளவுப் பொருத்தம்

சிறு தொலைநோக்கிகளிற் செருகப்படும் வில்லைகளின் அடிக்குழல் பெரும்பாலும் மூன்று அளவினது. முதலாவது 0.965 அங்குலம், அஃதாவது 24.5 மில்லிமீட்டர். ஜப்பானில் முன்னாளிற் செய்யப்பட்ட சிறு தொலைநோக்கிகளில் இவ்வளவே மிகுதி. இரண்டாவது ஒன்றேகால் அங்குலம், அஃதாவது 31.75 மில்லிமீட்டர். இன்று உலகெங்கும் பெருவழக்காயிருப்பது இதுவே. மூன்றாவது இரண்டு அங்குலம், அஃதாவது 50.8 மில்லிமீட்டர். வானத்தின் அகன்ற பகுதியை ஒருங்கே காட்டும் பெரிய வில்லைகட்கு உரியது இது.

பெரிய வாயிற் சிறிய வில்லையைப் பொருத்தல் எளிது. இரண்டு அங்குலக் குழலில் ஒன்றேகால் அங்குல வில்லையை ஏற்கும் இடைப்பொருத்தி பெரும்பாலும் தொலைநோக்கியுடனே வரும். அதனால் இழப்பும் இல்லை. சிறிய வாயிற் பெரிய வில்லையைப் பொருத்துவதிலோ ஓர் இழப்பு உண்டு. ஒளி, குழலின் குறுகிய வாயைக் கடந்தே பெரிய வில்லையைச் சேர்தல் வேண்டும். ஆகவே வில்லை அகன்றிருந்தும் காட்சியின் ஓரம் இருளும். ஒன்றேகால் அங்குல அடியில் 32 மில்லிமீட்டர் பிளாசல் வில்லையின் காட்சி வட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் அகலம். அவ்வகலம் 24.5 மில்லிமீட்டர் குழலூடு முழுதும் வாராது. 25 மில்லிமீட்டர் பிளாசலின் வட்டமோ ஏறத்தாழ 21 மில்லிமீட்டரே. அது தடையின்றி வரும். ஆகவே பழைய சிறுவாய்த் தொலைநோக்கி உடையார் 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வில்லைக்குப் பொருள் செலவிடல் வீண்.

அளவை மதிப்பால் அறிதல் கூடாது. பௌதிகச் சாலையில் உள்ள வெர்னியர் அளவியைக் கொண்டு குழலின் உள்வாயையும் இடைப்பொருத்தியின் வெளிப்புறத்தையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். என் மணல் வீழ்ச்சிக்குப் பின்னர் யான் அளந்தபொழுது, குழலின் உள்வாய் 24.6 மில்லிமீட்டர் இருந்தது. அனுப்பப்பட்ட வளையமோ 24.1 மில்லிமீட்டரே. இடைவெளி அரை மில்லிமீட்டர். 'அரை மில்லிமீட்டர் ஒரு பொருளா?' என்பார்க்குக் கணக்கு விடை கூறும். 700 மில்லிமீட்டர் குவியதூரமுடைய தொலைநோக்கியிற் கண்ணருகு வில்லை அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரின், அது நோக்கும் இடம் வானத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கலை விலகும். ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. வியாழன் நமக்கு அணித்தாக வரும் காலத்தும் அதன் வட்டம் முக்கால் கலையளவே. ஆகவே அரை மில்லிமீட்டர் ஆட்டம், வியாழனை அதன் அகலத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் துள்ளச் செய்யும். கைபட்ட பொழுதெல்லாம் கோள் துள்ளுமாயின் காண்பது யாங்ஙனம்?

இடைவெளியை நிரப்பத் தாள் ஆகாது. அஃது ஈரத்தை உறிஞ்சி நெகிழும். உடனடி மாற்று, ஒட்டுநாடா. அதனை ஒரு பக்கம் மட்டும் ஒட்டாது வளையம் முழுதும் சுற்றுதல் வேண்டும். ஒருபுறம் தடித்தால் வில்லையின் அச்சு சாயும். நிலையான மாற்று, லேத்துப் பட்டறை. கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குச் சென்று என் குறையைக் கூறத் தொடங்கினேன். கடைசல்காரர் இடைமறித்து, "கதை அப்புறம், தம்பி, முதலில் அளவைச் சொல்" என்றார். அளவைக் கூறியதும், "இறுக்கிப் போட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும், ஒரு நூலிழை விட்டுத்தான் கடைய வேண்டும்" என்று, 24.6 மில்லிமீட்டர் வாய்க்கு 24.5 மில்லிமீட்டர் அளவில் அலுமினியத்திற் கடைந்து தந்தார். தளர்வும் ஆகாது, நெருக்கமும் ஆகாது. செருகினால் தன் எடையால் மெல்ல இறங்க வேண்டும் என்பதே அவர் கூறிய இலக்கணம். அதனினும் சிறந்த இலக்கணத்தை யான் கண்டிலேன்.

2. ஆழப் பொருத்தம்

அளவு பொருந்தியும் காட்சி தெளியாமை உண்டு. அதன் காரணம் ஆழம். முகப்பு வில்லை உருவத்தை ஓரிடத்தில் நாட்டும். கண்ணருகு வில்லை அவ்விடத்திற்கு ஏற்ற தொலைவில் நிற்றல் வேண்டும். இடைப்பொருத்தி, வில்லையைக் குழலின் வாய்க்கு வெளியே உயர்த்துகின்றது. 25 மில்லிமீட்டர் உயர்த்தினால், குமிழைத் திருகிக் குழலை 25 மில்லிமீட்டர் உள்ளே செலுத்துதல் வேண்டும். குழல் அவ்வளவு உள்ளே செல்ல இடமில்லையாயின் விண்மீன் ஒருபொழுதும் புள்ளியாகாது, வட்டமாகவே நிற்கும்.

ஈண்டுப் புதியோர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. வாங்கிய அன்றே பகலில் எதிர்வீட்டு மாடியையோ அணித்தேயுள்ள தென்னையையோ நோக்கித் தெளிவாகக் கண்டு, எல்லாம் பொருந்திற்று என எண்ணுவர். அணிமைப் பொருளின் உருவம், சேய்மைப் பொருளின் உருவத்தினும் சற்று வெளியே தள்ளி விழும். 700 மில்லிமீட்டர் குவியதூரத்திற்கு, 100 மீட்டரில் உள்ள பொருளின் உருவம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டரும், 50 மீட்டரில் உள்ளதன் உருவம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டரும் வெளியே விழும். ஆகவே பகலிற் குழலை இறுதிவரை உள்ளே செலுத்தித்தான் தென்னை தெளிந்தது எனின், இரவில் விண்மீன் தெளியாது. பகலிற் சோதிப்பார், தெளிந்த பின்னரும் குழல் உள்ளே செல்ல ஒரு சென்டிமீட்டரேனும் மிச்சமுளதா என நோக்குக.

இதனினும் திருத்தமான சோதனை நிலவைக் கொண்டு செய்வது. வில்லைகளையெல்லாம் கழற்றிவிட்டு, நிலவை நோக்கித் தொலைநோக்கியை நிறுத்திக் குழலின் வாய்க்கு நேரே மெல்லிய வெண்தாளைப் பிடிக்க. தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு நிலவு தெளிவாக எழும். குழலின் வாயிலிருந்து அவ்விடம் எத்துணைத் தொலைவென அளந்தால், இடைப்பொருத்திக்கு எவ்வளவு இடம் உண்டு என்பது புலனாம். இச்சோதனையை நிலவைக் கொண்டே செய்க. ஞாயிற்றை நோக்கி ஒருபொழுதும் செய்யற்க.

இடம் குறைந்தால் மூன்று வழிகள் உள. உயரம் குறைந்த இடைப்பொருத்தியைத் தேடல் ஒன்று. ஒளியை மேனோக்கித் திருப்பும் டயகனல் என்னும் உறுப்பையே, ஒருபுறம் 0.965 அங்குலமும் மறுபுறம் ஒன்றேகால் அங்குலமும் உடையதாக வாங்கி, இடைப்பொருத்தியையும் அதனையும் ஒன்றாக்கல் மற்றொன்று. குவியத்தைப் புறம்நோக்கித் தள்ளும் பார்லோ வில்லையை இடையே சேர்த்தல் மூன்றாவது. ஆனால் அது பெருக்கத்தையும் கூட்டும். இம்மூன்றனுள் இரண்டாவதே பழைய தொலைநோக்கி உடையார்க்கு ஏற்றது. இணைப்பு ஒன்று குறைகின்றது. ஆட்டமும் அதனொடு குறைகின்றது.

3. பிடிப் பொருத்தம்

செருகிய வில்லையைப் பற்றி நிறுத்துவது திருகாணி. மலிவான கருவிகளில் ஒரே திருகாணி இருக்கும். அதனை இறுக்கும்போது வில்லை எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு அச்சினின்றும் சற்று விலகும். அடிக்குழலிற் கீறலும் விழும். மூன்று திருகாணிகள் சம இடைவெளியில் இருப்பின், மூன்றையும் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்கினால் வில்லை நடுவிலே நிற்கும். அதனினும் மேலானது, திருகாணிக்கும் வில்லைக்கும் இடையே பித்தளை வளையம் அமைந்த வகை. திருகாணி வளையத்தை அழுத்த, வளையம் வில்லையைச் சுற்றித் தழுவிப் பிடிக்கும். அழுத்தம் ஒரு புள்ளியிற் குவியாமையின் கீறலும் இல்லை, நழுவலும் இல்லை.

சில வில்லைகளின் அடிக்குழலைச் சுற்றி ஒரு காடி வெட்டியிருப்பர். திருகாணி சற்றே தளர்ந்தாலும், அக்காடியின் விளிம்பிலே தடுக்கி வில்லை வீழாது நிற்கும். கடற்கரையிலும் மொட்டைமாடியிலும் பலர் கைபடப் பயன்படுத்துவார்க்கு இக்காடி மிக்க காப்பு. ஆயின், பித்தளை வளையம் காடியின் விளிம்பிற் பாதி ஏறி நிற்குமாயின் வில்லை சாய்ந்து நிற்பதும் உண்டு. ஆகவே வாங்குமுன், தன் குழலின் வளையமும் வில்லையின் காடியும் எவ்விடத்திற் சந்திக்கின்றன எனப் பார்த்தல் நன்று. செருகிய வில்லையின் தோள், குழலின் வாய்மேல் ஒட்டியமர்தல் வேண்டும் என்பது பொது விதி.

திருகாணியை விரலால் மட்டுமே இறுக்குக. குறடு கொண்டு இறுக்கற்க. குழல் பிளாஸ்டிக்காயின் மரை தேய்ந்து, பின்னர் எத்திருகாணியும் நில்லாது. பெசன்ட் நகர் போன்ற இடத்தில் உப்புக்காற்று மற்றொரு பகை. இரும்புத் திருகாணி சில திங்களில் துருப்பிடிக்கும். அலுமினியத்தில் எஃகு பதிந்து உப்பீரம் பட்டால் வெண்பொடி பூத்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆகலின் துருவேறா எஃகுத் திருகாணியை இட்டு, கடற்கரையினின்று மீண்டதும் உலர்ந்த மெல்லிய துணியால் உலோக உறுப்புகளைத் துடைத்து, திருகாணிகளைக் கழற்றி மரையில் ஒரு துளி எண்ணெய் தொட்டு வைத்தல் வேண்டும். வில்லைகளைச் சிலிக்கா ஜெல் பொதியுடன் மூடிய பெட்டியில் வைப்பின் பூஞ்சணம் அணுகாது. மணல் படின் துடைக்கலாகாது. ஊதுபந்தால் ஊதியே அகற்றுக.

4. பாரப் பொருத்தம்

நான்காவது பொருத்தத்தைப் பலர் எண்ணுவதேயில்லை. இரண்டு அங்குல வில்லைகளுட் சில அரைக் கிலோவிற்கு மேல் எடையுள்ளவை. இக்காலத்தில் நிலவைப் படமெடுக்க விரும்புவார், செல்பேசியைப் பற்றும் பிடியொன்றையும் கண்ணருகு வில்லையின்மேல் மாட்டுகின்றனர். அப்பொழுது செல்பேசியின் பாரமும் பிடியின் பாரமும் ஒருங்கே அச்சிறு திருகாணியைச் சார்கின்றன. பாரம் ஒருபுறம் தொங்குமாயின் வில்லை சாயும். நிலவின் ஒரு விளிம்பு தெளிய மறு விளிம்பு மங்கும். குழல் முழுவதும் பின்சரிந்து, தேடிப் பிடித்த கோள் காட்சியினின்றும் நழுவும். ஆகவே செல்பேசிப் பிடி மாட்டுவார், முதலில் இடைப்பொருத்தியின் திருகாணியை இறுக்கி, அடுத்து டயகனலை இறுக்கி, இறுதியிற் பிடியை மாட்டி, அதன்பின் தொலைநோக்கியை அதன் தொட்டிலில் முன்தள்ளிச் சமன் செய்தல் வேண்டும். பிடியின் கயிற்றைக் குழலிற் கட்டிவைத்தல் அறிவுடைமை.

கருவியின் உறுதிக்கு நம் சென்னையிலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானநோக்கு நிலையம் அமைத்த மைக்கேல் டாப்பிங் என்பார், விண்மீன் உச்சி கடக்கும் நேரத்தை அளக்கும் சிறு தொலைநோக்கியொன்றைத் தாங்குதற்குப் பத்து டன் எடையுள்ள கருங்கற்றூண் ஒன்றை நாட்டினார். கருவி சிறிது, தூணோ பத்து டன்! அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கின்றது. அதன்மேல் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நிலையத்திற் பணிசெய்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867-இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அம்மீன் உள்ள குழுவின் பெயர் ரெட்டிகுலம். கண்ணருகு வில்லையின் குவியத்திற் பொருத்தப்படும் நுண்ணிழைச் சட்டத்தின் பெயரே அது. தென்வானத்து மீன்களை அத்தகைய சட்டங்கொண்டு அளந்த லாக்காயி என்னும் பிரெஞ்சு வானநூலார், பதினெட்டாம் நூற்றாண்டில் அதனை நினைந்தே அக்குழுவிற்கு அப்பெயர் வழங்கினார். வானத்தில் அரசரும் வீரரும் விலங்குகளும் இடம்பெற்றிருக்க, கண்ணருகே பொருத்தும் ஒரு சிறு சட்டமும் அவற்றினிடையே இடம்பெற்றமை, அச்சிறு பொருளின் பெருமையை அளந்தறிந்தவர் கூறிய நன்றியாகும்.

ஓர் எச்சரிக்கை

இதுகாறும் கூறியவற்றிற் பிழை நேரின் கெடுவது காட்சி. இனிக் கூறுவதிற் பிழை நேரின் கெடுவது கண். பழைய சிறு தொலைநோக்கிகளுடன் கருங்கண்ணாடி பதித்த சிறு மூடியொன்று வருவதுண்டு. அதனைக் கண்ணருகு வில்லையில் திருகிக்கொண்டு ஞாயிற்றை நோக்கலாம் என்பர். ஒருபொழுதும் நோக்கற்க. முகப்பு வில்லை திரட்டிய வெப்பம் முழுதும் அக்கண்ணாடியின்மேற் குவியும். அது திடீரெனப் பிளக்கும். விழித்திரைக்கு நோவுணர்ச்சி இன்மையின், கேடு நேரும்பொழுதே அறிந்து கண்ணை விலக்கவும் இயலாது. என் பாட்டனார் பெட்டியிலும் அஃது ஒன்று இருந்தது. பிறர் கையிற் சேராவண்ணம் உடைத்தெறிந்தேன்.

ஞாயிற்றை நோக்குதற்கு உரிய வடிகண்ணாடி, தொலைநோக்கியின் முகப்பிற்கு முன்னே முழுதும் மூடிப் பொருத்தப்படுவதே. அதுவும் காற்றிற் கழலாவண்ணம் திருகாணியாலோ பசைநாடாவாலோ பிணிக்கப்படுதல் வேண்டும். கடற்காற்று ஒரு நொடியில் அதனைப் பறித்தால், வில்லையிற் கண்வைத்திருக்கும் சிறுவனின் கதி யாதாம்? குறிபார்க்கும் சிறு துணைக்குழலையும் மூடிவிடுதல் வேண்டும். 2010 சனவரி 15-ஆம் நாள் தனுஷ்கோடிப் பக்கத்தும், 2019 திசம்பர் 26-ஆம் நாள் கோவை, திண்டுக்கல் பக்கத்தும் கங்கண கிரகணம் தோன்றியது; 2031 மே 21-ஆம் நாள் மதுரைப் பக்கத்து மீண்டும் தோன்றவுள்ளது. அன்று தொலைநோக்கியுடன் செல்லக் கருதுவார் இப்பகுதியை மறவாதிருப்பாராக.

தொகுத்துரை

வாங்குவார்க்கு யான் கூற விழைவது சுருங்கியது. முதலிற் குழலின் வாயை அளக்க. பின்னர் வில்லையைத் தேர்க. ஒன்றேகால் அங்குல அளவினதாயின் பிற்காலத்து வாங்கும் பெரிய தொலைநோக்கிக்கும் அவ்வில்லை உதவும். ஆகவே பொருளை வில்லையிலும் இடைப்பொருத்தியிலும் செலவிடுக. உலோகத்தாற் செய்த இடைப்பொருத்தியையே கொள்க. பித்தளை வளையம் உளதா என வினவுக. குழல் உள்ளே செல்ல இடம் மிஞ்சுமா என நிலவைக் கொண்டு சோதிக்க. இணைப்புகளைக் குறைக்க. எல்லாம் பொருத்திய பின்னர், வில்லையைக் கையாற் பற்றி மெல்ல இழுத்துப் பார்க்க; ஒரு சிறுவன் இழுப்பான் என்பதை நினைந்து இழுக்க.

பொங்கல் கழிந்த ஒரு மாலை, புதிய பொருத்தியுடன் மீண்டும் அம்மண்டபத்தருகே சென்றேன். வானம் தெளிந்திருந்தது. குப்பத்துச் சிறுவன் ஒருவனை அனுப்பப் பெரியவர் வந்தார். இம்முறை அவரையே முதலில் இருக்கச் செய்தேன். முக்காலியில் அமர்ந்து, புரை அறுத்த கண்ணை வில்லையில் வைத்தார். கை நடுங்கிற்று, நிலைகொள்ள வேண்டி அதனை வில்லையின்மேலேயே ஊன்றினார். யான் மூச்சடக்கி நின்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தவர், மற்றக் கையின் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். "ஒன்று, இரண்டு, மூன்று... பெரியதற்குப் பக்கத்தில் நாலு குஞ்சு இருக்கிறதே, தம்பி!" என்றார். கலிலியோ 1610-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இத்தாலியிற் கண்ட நான்கு துணைக்கோள்களே அவை. எத்தனையோ இரவு தலைமேல் நின்ற அவ்வொளிக்கு இத்துணைச் சுற்றம் உண்டென்பதை அவர் அன்றுதான் கண்டார். சிறுவர் தம் முறை வேண்டி ஆரவாரித்தனர். அவர் எழும்வரை அவருடைய கை வில்லையின்மேல் இருந்தது. வியாழன் தன் இடத்தினின்றும் துள்ளவில்லை.